நெய்ப்பந்தம் ஆறு, 30 வெள்ளி

ஐந்துக்கு மூன்றரை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் போகலாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இங்கே சிங்கப்பூரில் என் அண்ணனுக்குக் காரியம் செய்துகொடுத்த ஈமச்சடங்கு நிறுவனத்தைப் பற்றியது இது. பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், ஆனால் அந்த முதலாளி இரண்டு இரவு எங்களோடு கண் விழித்து நின்றவர். அவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போட மனம் வரவில்லை. எந்த நிறுவனத்தைக் கூப்பிட்டாலும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன், அதனால் யாருக்காவது பயன்படும்.

நான் கப்பல் உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் 30 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள். எந்த பில்லையும் வரி வரியாகப் படிக்காமல் பணம் கட்டியதில்லை. இந்த பில்லை மட்டும் எல்லாம் முடிந்து பதினேழாம் நாள் காலையில்தான் படித்தேன். அதில் ஒன்பதாவது வரியில் இருந்ததுதான் தலைப்பு. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அண்ணனுக்கு வயது 58. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். 995-ஐக் கூப்பிட்டோம், ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். செவ்வாய் இரவு 11.40-க்கு முடிந்தது. மாரடைப்பு. அண்ணி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் உடல் பரிசோதனைக்கு வரச்சொல்லி வந்த கடிதம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு இன்னமும் தொங்குகிறது. அதை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு நான்தான் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். நள்ளிரவு 12.10. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள், அதற்கு ஒரு முழு நட்சத்திரம். எடுத்தவன் சின்னப் பையன், குரலில் தூக்கமே இல்லை.

"அக்கா, வயசு என்ன?"

பெயர் கேட்கவில்லை, எந்த மருத்துவமனை என்று கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. முதல் கேள்வி வயதுதான். 58 என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நடப்பு 59 இல்லக்கா?" என்றான். ஆமாம், 59 நடக்கிறது என்றேன். பிறகுதான் மற்றதெல்லாம் கேட்டான். ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிட்டது.

அந்தக் கேள்வி ஏன் முதலில் வருகிறது என்று மறுநாள் காலை முதலாளி புளோக்கின் கீழ்த்தளத்தில் காற்றாடிகளுக்கு வயர் இழுத்துக்கொண்டே விளக்கினார். அவர் கணக்கு இது: "60 தாண்டி, பேரன் பேத்தி எடுத்திருந்தா பெரிய சாவும்மா. மேளம் வைக்கலாம், பூப்பல்லக்கு கட்டலாம், பேரப்பிள்ளைங்க நெய்ப்பந்தம் பிடிப்பாங்க. 40-க்குள்ளன்னா எதுவும் கிடையாது. சீக்கிரமா எடுத்துடுவோம், சாப்பாடுகூட யாரும் கேக்க மாட்டாங்க. கல்யாணம் ஆகாததுன்னா கல்யாணச் சடங்குக்கு வாழைக்கன்னு வேணுமான்னு வீட்டுப் பெரியவங்களத் தனியாக் கூப்பிட்டுக் கேப்போம். நடுவுல இருக்கிறதுதாம்மா எங்களுக்குக் கஷ்டம். 50-லருந்து 60. என்ன செய்யறதுன்னு வீட்டுக்காரங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

இதை அவர் வியாபாரப் பேச்சாகச் சொல்லவில்லை. பல வருடம் பார்த்த மனிதர் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கஷ்டத்தை அவர் நிறுவனம் எப்படித் தீர்த்தது என்பதில்தான் கோளாறு.

பையன் நடப்பு வயதை 59 என்று எழுதினான். அலுவலகத்தில் அதைக் கணினியில் ஏற்றிய பெண் 60 ஆக்கிவிட்டாள். 60 என்றதும் எல்லாம் பெரிய சாவுக் கணக்கில் ஓட ஆரம்பித்துவிட்டது. காலை பத்து மணிக்குப் பதாகை வந்தது. "பெருவாழ்வு வாழ்ந்து இறைவனடி சேர்ந்த" என்று தங்க நிற எழுத்தில். என் அண்ணன் மகனுக்கு 21 வயது, தேசிய சேவை முடித்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவன் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "அத்தை, அப்பா பெருவாழ்வா வாழ்ந்தாரு?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்குத் தமிழ் கொஞ்சம் குறைவு, நிஜமாகவே அர்த்தம் கேட்டான்.

அடுத்தது படம். நாங்கள் கொடுத்தது போன தீபாவளிக்கு எடுத்தது. பாதி நரைத்த தலை, கண்ணுக்குக் கீழே பை, கட்டம் போட்ட சட்டை. அவர்கள் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்ததில் முடி கன்னங்கரேலென்று இருந்தது. சுருக்கம் இல்லை. கோட்டும் டையும் மாட்டியிருந்தார்கள். வாழ்நாளில் கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளராக இருந்தவருக்கு டை! வருகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டு, "அய்யோ, இவ்வளவு சின்ன வயசா?" என்று கேட்டார்கள். பதாகையில் எண்பது, படத்தில் நாற்பது. ஐம்பத்தெட்டு வயது மனிதரை ஒரே நாளில் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார்கள், நடுவில் அவரைக் காணவில்லை.

இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரம் கழித்திருக்கிறேன். பதாகையை நான் சொன்ன அரை மணி நேரத்தில் மாற்றினார்கள், அதையும் சொல்ல வேண்டும். படத்தை மாற்ற வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். கல்யாணத்தின்போது இப்படித்தான் இருந்தார் என்றார்.

நல்லவற்றையும் சொல்கிறேன். கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்ற அனுமதியை அவர்களே வாங்கினார்கள். கூடாரம், நூறு நாற்காலி, பத்து வட்ட மேசை, இரண்டு பெரிய காற்றாடி, குடிநீர், காப்பி எல்லாம் சொன்ன நேரத்துக்கு. மரணத்தைப் பதிவுசெய்ய இப்போது எங்கும் போக வேண்டாம் என்பதை அந்தப் பையன்தான் சொல்லிக்கொடுத்தான். 2022 மே மாதக் கடைசியிலிருந்து மருத்துவர் உறுதிப்படுத்தியதுமே பதிவாகிவிடுகிறது, சான்றிதழை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். 1994-இல் அப்பாவுக்காக அண்ணன் அங்கும் இங்கும் அலைந்ததை நினைத்துக்கொண்டேன். இப்போது அண்ணனுக்காக நான் போனை இரண்டு தடவை தட்டினேன், அவ்வளவுதான்.

நாளிதழ் அறிவிப்புக்கும் அவர்களே வாசகம் எழுதித் தருவார்கள். தமிழ் முரசில் போட. "அகால மரணம்னு போடவாக்கா?" என்று பையன் கேட்டான். எத்தனை வயது வரை அகாலம் என்று நான் கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை, கணக்கு எழுதுகிறவளின் பழக்கம். அவன் யோசித்து, "50-க்குள்ளன்னா கேக்காமலே போடுவோம். 55 வரைக்கும் கேட்டுட்டுப் போடுவோம். அதுக்கு மேல யாரும் கேக்கறதில்ல" என்றான். கடைசியில் "காலமானார்" என்று மட்டும் போட்டோம். பழைய சொல், நல்ல சொல். அதில் யாரும் வயதைக் கேட்கவில்லை.

சாயங்காலம் நான்காம் மாடிச் சீன ஆன்ட்டி வந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் ஈசூன் பேட்டைக்கு வந்த காலத்திலிருந்து பழக்கம், இருவரும் பேசிக்கொள்வது சந்தை மலாயில். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெராப்பா ஊமோர்?" என்றார். என்ன வயது? அம்மா, "லிமா புலு லாப்பான்" என்றார். ஐம்பத்தெட்டு. ஆன்ட்டி, "மூடா லா, மூடா லாகி" என்று தலையை ஆட்டினார். மலாயில் மூடா என்றால் இளசு. அண்ணன் உயிரோடு இருந்தபோது யாராவது அவரை அப்படிச் சொன்னால், "மலாயில நான் மூடா, தமிழ்லயும் நான் மூடன்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த இடத்தில் அது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கழிவறைக்கு ஓடிவிட்டேன். அங்கே போனதும் சிரிப்பு வேறாகிவிட்டது.

ஆன்ட்டி அப்புறம் என்னிடம் உட்கார்ந்து நிறையச் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் 80-ஐத் தாண்டிப் போனால் அது சந்தோஷச் சாவு, சிவப்பு விளக்கு கட்டுவார்கள். நம் கல்யாணச் சாவு மாதிரி. அதற்குக் கீழே என்றால் வெள்ளை. இறந்தவரின் வயதோடு மூன்றைக் கூட்டி எழுதுவார்களாம். வானத்துக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று. "உன் அண்ணனுக்கு எங்கள் விளக்கில் 61 என்று எழுதுவோம்" என்றார். நம்மாள் பையன் ஒன்று கூட்டினான், அலுவலகப் பெண் இன்னொன்று கூட்டினாள், ஆன்ட்டி மூன்று கூட்டுகிறார். செத்த பிறகு மனிதருக்கு வயது ஏறுவது எல்லா ஊரிலும் உண்டுபோல.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொரு எண்ணம் ஓடியது. சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பீர்கள், ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கணக்குப் புத்திதான் ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற மத்திய சேமநிதியில் (மசேநி) சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. காப்பீடு. 2021 ஏப்ரலில் அதை மாற்றியமைத்தார்கள். 60 வயது வரை இறந்தால் 70,000 வெள்ளி. 60-க்கு மேல் 65 வரை என்றால் 55,000. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இளம் வயதுச் சாவு எது என்று விலை போட்டு எழுதிவைத்திருக்கிற வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு 58, ஆகவே 70,000. சீன வழக்கப்படி 61 என்றால் 15,000 குறைந்திருக்கும். காப்பீட்டுக்காரர்களுக்கு வானமும் பூமியும் கணக்கில்லை, நல்லவேளை.

55 வயதில் மசேநியிலிருந்து 5,000 வெள்ளி எடுத்து அண்ணன் ஒரு சைக்கிள் வாங்கினார். மீதி 65-இல் மாதாமாதம் வரும், அப்போது கும்பகோணம் பக்கம் ஆறு மாதம், இங்கே ஆறு மாதம் என்று இருப்பேன் என்பார். சைக்கிள் இன்னும் அவர் வீட்டு வாசலில் பூட்டியபடி நிற்கிறது.

அன்றிரவு முழுக்க இந்தப் பேச்சுதான். அண்ணன் மகள் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். அவள் அழுது முடித்த பிறகு வட்ட மேசையில் என் எதிரே உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்: அவர்கள் படிப்பில் இதற்கு எண் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் இதயநோய், புற்றுநோய், நீரிழிவு, நாள்பட்ட மூச்சுநோய் ஆகியவற்றைக் கணக்கிடும்போது 30-க்கும் 70-க்கும் இடையில் இறந்தால் முன்கூட்டிய மரணம் என்று எடுத்துக்கொள்கிறதாம். பணக்கார நாடுகள் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களைப் பார்க்கும்போது 75-ஐக் கோடாக வைக்கின்றனவாம். இழந்த ஆண்டுகள் என்று ஒரு கணக்கும் இருக்கிறது: 75-இலிருந்து இறந்த வயதைக் கழி. "அப்பாவுக்கு 17, அத்தை" என்றாள். அமெரிக்காவில் முன்பெல்லாம் அந்தக் கோடு 65-ஆகத்தான் இருந்தது. அப்படிப் பார்த்தால் ஏழு.

பதினேழு வருடம் பற்று. எந்தப் பக்கம் வரவு வைப்பது என்று தெரியாத பற்று.

இங்கே சராசரி ஆயுள் 83 ஆயிற்றே, ஏன் 83-இலிருந்து கழிக்கக் கூடாது என்று கேட்டேன். அது இன்றைக்குப் பிறக்கிற குழந்தைக்கு, அதுவும் ஆணும் பெண்ணும் சேர்த்து என்றாள். ஆணுக்கு இரண்டு மூன்று வருடம் குறைவு. ஆனால் 65-ஐத் தொட்டுவிட்ட ஆண் இன்னும் ஏறக்குறைய 20 வருடம் இருப்பார், ஏனென்றால் இடையில் போகக்கூடியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அவளே சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கச்சான் தோலை ஒரு குவியலாகச் சேர்த்தாள்.

மருத்துவரும் எங்களிடம் அதைத்தான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். தெற்காசியருக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது. பல நாடுகளில் செய்த ஒரு பெரிய ஆய்வில் நம்மவர்களுக்கு முதல் மாரடைப்பின் நடு வயது 53, மற்ற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டி. அப்படியானால் அண்ணனுக்குச் சீக்கிரம் வரவில்லை, நம்மவர் கணக்கில் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. இது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

பண்டாரம் இன்னொரு கணக்கு வைத்திருந்தார். சடங்கு செய்துவைக்க நிறுவனம் ஏற்பாடு செய்த பண்டாரம்தான், சங்கும் சேகண்டியும் அவரே கொண்டுவந்தார். நல்ல குரல், அவசரமில்லை, அவருக்காக மட்டும் ஒரு நட்சத்திரம் தரலாம். ஜாதகத்தில் 32 வரை அற்பாயுசு, 64 வரை மத்திமாயுசு, அதற்கு மேல் 96 வரை தீர்க்காயுசு என்றார். அண்ணன் மத்திமம். "இதுல வருத்தப்பட ஒண்ணுமில்லம்மா. சம்பந்தர் பதினாறுல போனாரு. சுந்தரர் பதினெட்டு. மாணிக்கவாசகர் முப்பத்திரண்டு. அப்பர் ஒருத்தர்தான் எண்பத்தொண்ணு." நாலு பேரில் அப்பர் ஒருவர்தான் மசேநி வாங்கியிருப்பார் என்று நான் சொன்னேன். பண்டாரம் சிரித்துவிட்டு, உடனே சாவு வீடு என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் வீட்டு ஆண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1961-இல் போனபோது 51. அவர் படத்தைப் பார்த்தால் எழுபது வயதுக் கிழவர் என்பீர்கள். சின்ன வயது என்று அன்றைக்கு யாரும் பேசியதாக அம்மாவுக்கு நினைவில்லை. அப்போது இங்கே சராசரி ஆயுளே அறுபதுகளில்தான் இருந்தது. அப்பா 1994-இல், 62. "பேரன் பார்த்துட்டாரு, போதும்" என்றார்கள். 62-ஐப் போதும் என்றவர்களில் இரண்டு பேர் இப்போது 85 வயதில் அண்ணனுக்கு மாலை போட வந்து, "இந்த வயசுல போயிட்டானே" என்று அழுதார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கோடு நகர்ந்துவிட்டது, அவர்களும் கூடவே நகர்ந்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் எடுத்தோம். மண்டாய் தகனச்சாலையில் கட்டணம் 100 வெள்ளி, பில்லில் தனி வரியாக ரசீதோடு காட்டியிருந்தார்கள், மேலே ஒரு காசு வைக்கவில்லை. அந்த ரசீதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்: அங்கேயும் வயதுக் கோடு உண்டு. பத்து வயதுக்குக் கீழ் 50 வெள்ளி, பத்து வயதும் அதற்கு மேலும் 100 வெள்ளி. தகனச்சாலையைப் பொறுத்தவரை மனிதர்கள் இரண்டே வகை. அந்த மேசையில் யாரும் அகாலமா இல்லையா என்று கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அம்மாவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று காலையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. தாய் போகக் கூடாது என்றார் பெரியப்பா மகன். சீன ஆன்ட்டியும் அதையேதான் சொன்னார்: வெள்ளை முடி கறுப்பு முடியை வழியனுப்பக் கூடாது. முதலாளி யாரிடமும் எதுவும் பேசாமல் வண்டியிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இறக்கி, விரித்து, அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா எழுந்து அதில் உட்கார்ந்தார். வாக்குவாதம் முடிந்தது. இந்த ஒரு காரியத்துக்காகவே இவர்களைப் பரிந்துரைப்பேன். நாற்காலிக்குப் பில்லில் வரி இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மண்டாயில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பெட்டி தானியங்கி வண்டியில் மெதுவாக நகர்ந்து போனது, ஆள் யாரும் தள்ளவில்லை. அம்மா கறுப்பு முடிப் படத்தை மடியில் வைத்திருந்தார். மறுநாள் போய் எலும்பு பொறுக்கி மண்கலயத்தில் வாங்கிக்கொண்டோம். படகில் போய்க் கரைத்தது புலாவ் செமாக்காவுக்குத் தெற்கே, அனுமதிக்கப்பட்ட இடத்தில், தீவிலிருந்து ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர். செமாக்காவ் சிங்கப்பூரின் குப்பைச் சாம்பலைக் கொட்டும் தீவு. அண்ணன் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். முதல் நாள் காலை விவரங்கள் எழுதும்போது பையன் அம்மாவிடம், "மூத்த பிள்ளையாம்மா?" என்று கேட்டான். அண்ணன், நான், தம்பி. மூத்தவர்தான், நானே ஆமாம் என்றேன். அம்மா, "இல்ல, ரெண்டாவது" என்றார்.

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1964-இல் ஒரு பையன் பிறந்திருக்கிறான். நாற்பது நாள் இருந்தானாம். பெயர் வைத்தார்களா என்று கேட்டேன். வைத்தோம் என்றார், பெயரைச் சொல்லவில்லை. குழந்தைகளை எரிப்பதில்லை, பிடாடரி மயானத்தில் நம்மவர்கள் பகுதியில் புதைத்திருக்கிறார்கள். அப்பாவும் அவர் நண்பர் ஒருவரும் மட்டும் போனார்கள், அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. அந்தக் காலத்தில் இங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் 30 குழந்தை ஒரு வயதைத் தாண்டாது. இப்போது இரண்டு. "அப்ப எல்லார் வீட்லயும் ஒண்ணு போகும். அத யாரும் சாவுன்னு சொல்ல மாட்டாங்க" என்றார் அம்மா. பிடாடரியைத் தோண்டி எடுத்து இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் கட்டிவிட்டார்கள். தம்பி மகள் அங்கேதான் வீடு வாங்கி இரண்டு வருடமாகக் குடியிருக்கிறாள். அம்மா அந்த வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறார். ஒன்றும் சொன்னதில்லை.

பையன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு என்னைக் கேட்காமலே படிவத்தில் "இரண்டாவது மகன்" என்று எழுதினான். புதுப் பதாகையிலும் அப்படித்தான் வந்தது. வந்தவர்களில் சிலர் தப்பு என்று என்னிடம் சுட்டிக்காட்டினார்கள். தப்பில்லை என்றேன்.

சரி, பில். மொத்தம் 4,860 வெள்ளி. வாய்மொழியாகச் சொன்னதைவிட 60 அதிகம். நான் பார்த்துப் பார்த்து 30-ஐக் கண்டுபிடித்தேன்: ஒன்பதாவது வரி, "நெய்ப்பந்தம் 6 – 30 வெள்ளி". இன்னொரு 30 கூடுதல் பால் பாக்கெட், அது நாங்கள் கேட்டதுதான். நெய்ப்பந்தம் பேரன் பேத்திகள் பிடிப்பது. அண்ணன் மகளுக்கு 24 வயது, மகனுக்கு 21. இருவருக்கும் கல்யாணமே ஆகவில்லை. இல்லாத பேரப்பிள்ளைகள் ஆறு பேருக்குப் பந்தம் போட்டிருக்கிறார்கள், தலைக்கு ஐந்து வெள்ளி.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, 60 என்று பதிவானதால் தொகுப்பில் தானாகவே வந்துவிட்டது என்றார். அன்றே பேநவ் பணப் பரிமாற்றம் வழியாக 30 வெள்ளி திருப்பி அனுப்பினார், "மன்னிக்கவும் அம்மா" என்று ஒரு வரியோடு. அரை நட்சத்திரத்தை அதற்காகக் கழித்தேன், கழித்ததைத் திருப்பித் தர யோசித்தேன், தரவில்லை. கணக்கு கணக்குதான். இந்த மாதிரி இடத்தில் கணினிக்கு வயதை மட்டும் சொன்னால் போதாது, பேரன் உண்டா என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி அவரிடம் சொன்னேன். சேர்ப்பதாகச் சொன்னார். நீங்கள் யாரையாவது கூப்பிட நேர்ந்தால் நடப்பு வயதைச் சொல்லாதீர்கள், முடிந்த வயதைச் சொல்லுங்கள். பதாகை அடிக்கும் முன்னால் வாசகத்தைப் போனில் அனுப்பச் சொல்லிப் படியுங்கள். படத்தில் கை வைக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நெய்ப்பந்தங்கள் உண்மையிலேயே வந்திருக்கின்றன. பில்லில் மட்டும் இல்லை. பதினாறாம் நாள் காரியச் சாமான்கள் இருந்த பையின் அடியில் ஆறும் கிடந்தன. ஒரு சாண் குச்சி, நுனியில் வெள்ளைத் துணி சுற்றி நூல் கட்டியது, நெய்யில் இன்னும் நனைக்காதது. பணம் திரும்பி வந்துவிட்டதால் பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வாசலில் எடுத்துவைத்தேன். அம்மா பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து நூல் கட்டை இழுத்துப் பார்த்தார். எத்தனை என்று கேட்டார். ஆறு என்றேன்.

"எனக்குப் பேரன் பேத்தி ஏழு" என்றார். "இன்னொண்ணு வாங்கிப் போட்டு ஸ்டோர் ரூம்ல வச்சிரு."